படிக்காமல் போட்ட கையெழுத்து

"அந்த மொட்டைக் கடுதாசி எழுதினவனை நான் மன்னிச்சுட்டேன் மாப்ள. அவன் கை விளங்காம போகணும், அவ்வளவுதான். மத்தபடி எனக்கு எந்தக் கோபமும் இல்ல."

சொல்லிவிட்டுத் தும்மினார் கிளார்க். நான்கு மாதத் தும்மல். கட்டட அனுமதிப் பிரிவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரைத் தரைக்குக் கீழே இருக்கும் ரெக்கார்டு ரூமுக்குத் தூக்கிப் போட்டது அந்தக் கடிதம். 'இந்த ஆள் லஞ்சம் வாங்குகிறார்' என்று தலைமை அலுவலகத்துக்கு ஒரு வரி. கீழே பெயர் இல்லை. யாரும் எதையும் விசாரிக்கவில்லை. இடத்தை மட்டும் மாற்றினார்கள். அடுத்தவர் காசில் ஒரு டீ கூடக் குடிக்காத மனிதர்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றாள் மனைவி, அவருடைய சட்டையை இஸ்திரி போட்டபடி. "மன்னிச்சீங்களா, சாபம் விட்டீங்களா?"

"மன்னிச்சுட்டுத்தான் விட்டேன்."

மனைவியின் தம்பி சிரித்தான். டயர் கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமையானால் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. தொட்டுக்கொள்ள மாமா.

"அன்னிக்கே சொன்னேன் மாமா. பக்கத்து சீட்டுக் கண்ணாடிக்காரன் வேலைதான் இது. நீங்க எழுந்த சூடு ஆறல, உங்க நாற்காலியில வந்து உக்காந்துட்டான். என்கிட்ட விட்டிருந்தா அவன் வண்டி டயர் நாலையும் பதம் பாத்திருப்பேன்."

"தப்பு மாப்ள. கெட்டது செய்யறவன் கையிலயும் கடவுள் நல்லதைத்தான் கொடுத்து அனுப்புவார். பிரிச்சுப் பாக்க நமக்குத்தான் பொறுமை இல்ல."

"உங்களுக்குத் தூசியும் எலியும் கொடுத்து அனுப்பியிருக்கார். நாலு மாசமா பிரிச்சுக்கிட்டே இருக்கீங்க. மூக்குதான் ஒழுகுது."

"புதன்கிழமை என்ன நடந்துச்சுன்னு தெரியாம பேசாதே." கிளார்க் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மூணு மாடிக்கு அனுமதி வாங்கிட்டு அஞ்சு மாடி எழுப்பினானே, ஆள் குடிவர்றதுக்கு முன்னாலயே சாஞ்சுதே, அந்தக் கட்டடம். 'எல்லாம் விதிப்படி இருக்கு'ன்னு போன மாசம் சான்று கொடுத்த ஃபைல்ல யார் யார் கையெழுத்து இருக்கோ, அத்தனை பேரையும் போலீஸ் கூட்டிட்டுப் போயிடுச்சு. அதிகாரியையும் சேத்து. கண்ணாடிக்காரன் அழுதுக்கிட்டே ஜீப்புல ஏறினான். 'நீட்டின இடத்துல போட்டேன் சார், என்ன ஃபைல்னே தெரியாது'ன்னு."

"அந்த சீட்டுல நீங்க இருந்திருந்தா?"

"நானும் போட்டிருப்பேன்."

"படிச்சுப் பாக்காமயா?"

"மேலதிகாரி நீட்டும்போது படிக்கிறது மரியாதையா மாப்ள? இருபத்திரண்டு வருஷமா நான் எதையும் படிச்சதில்ல. கடவுள் பாத்துக்குவார்."

"அவருக்கு வேற வேலை இல்ல பாருங்க, உக்காந்து உங்க ஃபைலைப் படிக்கிறதுக்கு."

"படிச்சிருக்காரே. முன்கூட்டியே படிச்சுட்டு, என்னைக் கொண்டுபோய் தரைக்குக் கீழ ஒளிச்சு வெச்சிருக்காரே. அந்தப் பாவி என் குடியைக் கெடுக்கணும்னு எழுதினான். கடவுள் அதுலயே என்னைக் காப்பாத்திட்டார். இப்ப சொல்லு."

சொல்லி முடித்த பெருமையில் கிளார்க்குக்குத் தும்மல்கூட நின்றுவிட்டது.

"இன்னும் முடியல. வெள்ளிக்கிழமையே புது அதிகாரி வந்தாச்சு. தங்கமான மனுஷன். 'உங்க மேல தப்பே இல்ல, ஒண்ணாம் தேதியிலேருந்து பழைய சீட்டுக்கே வந்துடுங்க'ன்னுட்டார்."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"தங்கமானவர்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"பாத்தாலே தெரியுதே. என்னைக் கூப்பிட்டு உக்காரச் சொன்னார். அந்த ஆபீஸ்ல என்னை யார் உக்காரச் சொல்லியிருக்கா? மேசையில பத்துப் பதினஞ்சு ஃபைல் கட்டிக் கெடந்துது. 'நீங்க கேள்வி கேக்காம வேலை பாக்கறவராமே, அப்படி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தேன், வந்ததும் முதல் வேலையா இதையெல்லாம் முடிச்சுக் கொடுத்துடுங்க'ன்னார். எவ்வளவு நம்பிக்கை பாரு."

"இதையாவது படிச்சுட்டுப் போடுவீங்களா?"

"சேச்சே. அவ்வளவு நம்பறவர் மனசு நோகாதா?"

தம்பி தலையில் அடித்துக்கொண்டு, கடையைத் திறக்க வேண்டும் என்று கிளம்பிப் போனான். ஞாயிற்றுக்கிழமை அவன் கடை திறப்பதே இல்லை.

கிளார்க் எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "போய்க் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உக்காந்துட்டு வரேன். கடவுளுக்கு நன்றி சொல்லாம இருக்க முடியல. இவ்வளவு நாள் காப்பாத்தினவர் இனிமே கைவிடுவாரா?"

"விடமாட்டாருங்க" என்றாள் மனைவி. "ஏதாவது வழி வெச்சிருப்பார். நீங்க நிம்மதியா கும்பிடுங்க."

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. முணுமுணுப்பாக அவர் குரல் கேட்கத் தொடங்கியதும், அவள் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தாள். சட்டையை மடித்த இடத்திலேயே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, யார் கையெழுத்து என்று தெரியாதபடி எழுத்துகளை இடப்பக்கம் சாய்த்துச் சாய்த்து எழுதினாள்:

'ஐயா, நான்கு மாதத்துக்கு முன்னால் நான் அனுப்பிய கடிதத்தை நீங்கள் சரியாக விசாரிக்கவில்லை. இந்த ஆள் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்துகொண்டும் லஞ்சம் வாங்குகிறார்.'