நாலு செகண்ட்

“அந்த லாக் ஃபைலைத் திறங்க மேடம். இவ முன்னாடியே திறங்க.”

ஆய்வு வழிகாட்டியான மேடம் திறக்கவில்லை. மடிக்கணினியின் மூடிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆய்வுக்கூடத்தில், அப்படிக் கேட்டவளை வக்கீல் என்றுதான் சொல்வார்கள். முனைவர் பட்டத்துக்கு மூன்றாவது வருஷம். டீ மெஷினில் சர்க்கரை குறைந்தால்கூட வாதாடாமல் விடமாட்டாள். இன்றைக்கு அவளிடம் நிஜமாகவே ஒரு வழக்கு இருந்தது.

நேற்றுக் காலை, கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற அக்கா ஈரத்தரையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்துபோனது. மற்ற எல்லோரும் மேல்மாடிக் கருத்தரங்கில் இருந்தார்கள். நாற்பது நிமிஷம் ஒருத்தரும் வரவில்லை.

அவள் கிடந்த இடத்துக்கு நேர் மேலே, சீலிங்கில், இவர்கள் மூன்று வருஷமாகச் செய்துகொண்டிருக்கிற கருவி. தனியாக இருக்கும் முதியவர்கள் விழுந்தால், கேமரா இல்லாமல் ரேடார் அலையை வைத்தே கண்டுபிடித்து, போனுக்கு அலாரம் அனுப்புகிற கருவி. அது செய்வதெல்லாம் நேரத்தோடு லாக் ஃபைலில் பதிவாகும்.

அக்காவின் பையையும் செருப்பையும் வாங்கிப்போக வந்த மகளை, வக்கீல்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்திருந்தாள்.

“நான் கிளம்புறேங்க்கா. அம்மா தனியா இருக்காங்க.”

“இரு. உனக்கு ஒரு பதில் வேணும். அதை வாங்காம நீ போகக்கூடாது.”

மேடம் ஒரு தாளை நீட்டினார். “பதில் எழுதிட்டேன். ஆபீசுக்குக் குடுக்கப்போறேன்.”

வக்கீல் படித்தாள். ‘கருவியின் வடிவமைப்பில் குறை. முழுப் பொறுப்பும் என்னுடையது.’

“இதைக் குடுத்தா ப்ராஜெக்டையே மூடிடுவாங்க மேடம்,” என்றான் கூட ஆய்வு செய்கிற சீனியர், தரையைப் பார்த்துக்கொண்டு.

“மூடட்டும். அதுக்காக இது உண்மையாயிடுமா?” வக்கீல் தாளை மேஜையில் போட்டாள். “கருவியில குறையாம். நாற்காலி சாஞ்சா கத்துது, பை விழுந்தா கத்துது, ஒரு மனுஷி விழுந்தப்ப மட்டும் வாயடைச்சுப் போச்சா? மெஷின் தலையில பழியைப் போடுறது எவ்வளவு வசதி பாருங்க. அது திருப்பிப் பேசாது. மெஷின் பண்ற ஒவ்வொரு தப்புக்குப் பின்னாடியும் ஒரு ஆள் ஒளிஞ்சிருக்கும். எனக்கு அந்த ஆள் வேணும்.”

“சொன்னாக் கேளும்மா. இந்தப் பொண்ணை அனுப்பிட்டு அப்புறம் பேசலாம்,” என்றார் மேடம்.

“ஏன், இவ இருந்தா என்ன? பெருக்குறவங்க பொண்ணுக்கு இதெல்லாம் புரியாதா?”

மேடத்தின் முகம் சுண்டிப்போனது. மூடியிலிருந்து கை நகர்ந்தது.

வக்கீல் மடிக்கணினியைச் சீனியர் பக்கம் தள்ளினாள். “படிங்க.”

சீனியர் ஒருமுறை மேடத்தைப் பார்த்தான். பிறகு படித்தான். “காலைல மணி பத்து பன்னெண்டு. ஆள் விழுந்தார். அஞ்சு பேர் போனுக்கும் அலாரம் போயிருக்கு.”

வக்கீலே இதை எதிர்பார்க்கவில்லை.

“அப்ப அது கூப்பிட்டிருக்கு,” என்றாள் மகள். “பின்ன ஏன் யாரும் வரல?”

“அடுத்த வரி?”

“நாலு செகண்ட் கழிச்சு... ‘பொய்’.”

வக்கீல் மகளின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “கேட்டுக்கோ. அலாரம் வந்தா போன்ல ரெண்டு பட்டன் வரும். நிஜம், பொய். நாற்காலி விழுந்து கத்தினா நாங்க பொய்னு அமுக்குவோம். மெஷின் அதைப் பார்த்துத் திருந்திக்கும். அஞ்சு பேர்ல ஒருத்தர் அமுக்கினா போதும், எல்லார் போனும் அடங்கிடும். எவரோ ஒருத்தர் திரையைக்கூடப் பார்க்காம, கொசுவைத் தட்டுற மாதிரி தட்டிவிட்டிருக்காங்க. உங்கம்மா விழுந்தது பொய்யாம்.”

மகள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“அம்மாவுக்கு அந்தப் பெட்டியைத் தெரியும்க்கா. விழுந்தா அது ஆளைக் கூப்பிடும்னு நீங்கதான் சொன்னீங்களாம். அதான் கத்தக்கூட இல்லையாம். பெட்டியையே பார்த்துக்கிட்டு, இதோ வந்துடுவாங்க, வந்துடுவாங்கன்னு படுத்திருந்தாங்களாம்.”

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“யார் அமுக்கினதுன்னு அதுல இருக்கும். பேரைப் படிங்க,” என்றாள் வக்கீல்.

அவன் மடிக்கணினியைத் தன்னிடமிருந்து தள்ளிவைத்தான்.

“பேர் வேண்டாம்,” என்றார் மேடம். “ஒரு நாளைக்கு முப்பது தடவை கத்துது. எல்லாரும்தான் பார்க்காம அமுக்குறோம். நேத்து மாட்டினது ஒருத்தர் விரல். என் லெட்டர் போதும், விட்டுடு.”

“யாரைக் காப்பாத்துறீங்க? உங்களையா?”

மேடம் பதில் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று வக்கீல் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

“அந்த விரலாலயே நேத்து சோறு அள்ளித் தின்னுட்டு, நிம்மதியாத் தூங்கியிருக்கு ஒரு ஜென்மம். அதுக்கு ஒரு லெட்டர், அதுக்கு ஒரு பாதுகாப்பு. படிச்சவங்க படிச்சவங்களை விட்டுக்கொடுக்க மாட்டீங்க, இல்ல?”

மடிக்கணினியை அப்படியே திருப்பி மகளின் முன்னால் வைத்தாள். “இவங்க யாரும் சொல்லமாட்டாங்க. நீயே படி. சத்தமாப் படி.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை நெருங்கி, எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தாள். பிறகு, அந்த அறையில் தனக்காகப் பேசிய ஒரே ஆளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“வக்கீல்னு போட்டிருக்குக்கா. யாரு அது?”