சிவப்பு டார்ச்

பதினாறு மணி நேரமாகச் சேர்த்த வெளிச்சத்தில் பதினைந்து நிமிடத்தை யாரோ நாசம் செய்திருந்தார்கள்.

அக்கா மடிக்கணினியைக் கணவர் பக்கம் திருப்பினாள். கொல்லைப்புற டெலஸ்கோப்பில் பொருத்திய கேமரா, எங்கோ இருக்கும் ஒரு விண்மீன் மண்டலத்தை மூன்று இரவுகளாக, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமாகத் தானே எடுத்துவந்தது. இரவுக்கு ஒரு படத்தில் மட்டும் சிவப்புக் கறை.

"அதுக்கு முந்தின படம் கொஞ்சம் மங்கல். பனி போல. அடுத்ததெல்லாம் ஊசி குத்தின மாதிரி பளிச்சுனு இருக்கு. நடுவுல இது மட்டும் பாழ்."

"தினம் ஒரே நேரம். பேய்க்கும் ஷிஃப்ட் போட்டுட்டாங்களா?" என்று அவர் சிரித்தார்.

"பேய் இல்லைங்க, சிவப்பு டார்ச். இருட்டுல கண்ணு கூசாம இருக்க நானும் அவளும் ஜோடியா வாங்கினோம்ல?"

இன்னொன்று இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம், தங்கையிடம் இருந்தது. வீட்டை இரண்டாகப் பிரித்தபோது டெலஸ்கோப் அக்கா பங்குக்கு வந்தது. அன்று நின்ற பேச்சு, இரண்டு வருடமாகியும் தொடங்கவில்லை.

"வயித்தெரிச்சல், வேறென்ன? நாளைக்குக் கொத்தனார் வர்றார். ஆளுயரத்துக்குச் சுவரை ஏத்திட்டா, அவ முகத்திலேயே முழிக்க வேண்டாம்."

"அவசரப்படாதேம்மா. கண்ணால பார்த்தியா?"

"இன்னிக்குப் பார்க்கிறேன்."

அன்று அவள் படுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். குளிரில் பற்கள் தந்தியடித்தன. கேமரா மட்டும் அவ்வப்போது 'க்ளிக்' என்றது.

சுவரோரம் ஏதோ சரிந்தது. கொத்தனாருக்காக அடுக்கியிருந்த செங்கல் மேலேயே கால் வைத்து ஓர் உருவம் இறங்கியது. சிவப்பு வெளிச்சம் தரையில் ஊர்ந்துவந்து டெலஸ்கோப் மேல் ஏறியது. ஒரு கை நீண்டது.

அக்கா பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வெட்கமா இல்லை உனக்கு? நான் ராத்திரி ராத்திரியா சேர்த்ததை ஏன்டி கெடுக்கிறே?"

தங்கை கையை உதறவில்லை. பிடித்த பிடியிலேயே, இரண்டு விரல்களால் டெலஸ்கோப்பின் திருகை மயிரிழை அளவு திருப்பினாள்.

"குளிர்ல குழாய் சுருங்கி ஃபோகஸ் போயிடும்னு எத்தனை தடவைதான் சொல்றது, அக்கா?"