ஆறு புதன்கிழமை

"பிரையர் பியானோ சர்வீஸா? நான் லொரேன். என் வீட்டுக்காரர் டங்கன் ஆறு புதன்கிழமை உங்களுக்குக் கார்டுல பணம் கட்டியிருக்காரு."

பிரையருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையே நடக்கவில்லை என்று பேங்கில் புகார் கொடுத்து, கட்டிய பணம் மொத்தத்தையும் திரும்பப் பிடுங்கப் பார்க்கிறவன்தான் அந்த டங்கன். வெலிங்டனில் வாடகை கொடுத்து மாளவில்லை.

"வேலையெல்லாம் சுத்தமா முடிச்சுக் கொடுத்தேன் மேடம். ஒரு குறை சொல்லல அவரு."

"பியானோ எப்படி இருக்கு?"

"கொஞ்சம் பழசு. அடிக்கடி கவனிக்கணும்."

"எங்க வீட்ல பியானோவே கிடையாதும்மா."

பிரையர் போனை வைத்துவிடப் போனாள். பணம் வாங்கிக்கொண்டு ஓட்டல் அறையில் ஆண்களோடு இருப்பது அவள் தொழில். அந்த நாட்டில் அது சட்டப்படியான தொழில்தான். பில்லைப் பார்க்கும் மனைவிமார் சந்தேகப்படக் கூடாதே என்றுதான் பியானோ என்று பெயர் வைத்திருந்தாள்.

"பயப்படாதே. கார்டுக் கணக்கு என் பேர்ல இருக்கு. அவர் கொடுத்த புகாரை நான் வாபஸ் வாங்கிடறேன். உழைச்ச காசு உனக்கு வேணாமா?"

"ரொம்ப நன்றி மேடம்."

"ஆறு நாளுக்கும் ரசீது மட்டும் அனுப்பு. ஒண்ணுமே நடக்கலன்னு பேங்க்லயே எழுதிக் கொடுத்த மனுஷன், என்கிட்டயும் அதையேதான் சாதிப்பாரு."

எட்டு வருடமாக எந்த வாடிக்கையாளரையும் காட்டிக்கொடுக்காத பிரையர், டைரியைப் புரட்டினாள்.

"தேதி மட்டும் போதுமா மேடம், நேரமும் போட்டுடவா?"