உப்புத் தண்ணீர்

அண்ணனுக்கும் தங்கைக்கும் பெற்றவர்கள் விட்டுப்போன ஒரே சொத்து, நுரையீரலை அரிக்கும் புரதக் குறைபாடு. புது மருந்தைச் சோதிக்க, தினமும் மூச்சில் இழுக்கச் சொல்லி ஆளுக்கொரு பெட்டி குப்பிகள் கொடுத்தார்கள். உள்ளே மருந்தா, வெறும் உப்புத் தண்ணீரா என்பது டாக்டருக்கே தெரியாது.

ஒரே மாதத்தில் அண்ணன் மூச்சிரைக்காமல் மாடி ஏறினான். நிஜ மருந்து தனக்குத்தான் என்று புரிந்ததும், தினமும் தங்கை குளிக்கப்போகும் நேரம் பார்த்து அன்றைய குப்பிகளை மாற்றி வைத்தான். அவள் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று படியில் பொய்யாக மூச்சிரைத்தும் காட்டினான்.

கடைசி நாள், யாருக்கு எது என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையை டாக்டர் பிரித்தார். "மருந்து உங்களுக்குத்தான் சார். உங்க மூச்சும் நல்லாத் தேறியிருக்கே!"

"அதெப்படி? நான்தான் தினமும் இவ குப்பியோட மாத்தி வெச்சேனே!"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தங்கை சிரித்தாள். "உனக்கு நடிப்பே வராதுண்ணே. நீ குளிக்கப் போனதும் நான் திருப்பி மாத்திடுவேன்."