சேவல் ரிங்டோன்

"இந்த வீட்ல நான் இருக்கிற வரைக்கும் அந்தக் குளிசை நிக்காது."

சொல்லிட்டு நிஷ்மியா விட்டமின் சி பவுடர் போத்தலை டக்குனு மேசையில வெச்சா.

எதிர்ல உட்கார்ந்திருந்த ஸஹாப்தீன் நானா சிரிச்சாரு. அந்தப் பவுடரை மாத்தளை டவுன்ல விக்கிறவரே அவருதான். அவருக்கும் இவ புருஷன் ரிஸ்வி மாதிரியே கிட்னி மாத்தினது, ரெண்டு பேருக்கும் ஒரே கிளினிக். ஆனா, உடம்பு புதுக் கிட்னியைத் தள்ளிவிடாம இருக்கப் போடுற குளிசை எல்லாத்தையும் வீசிட்டு வெறும் விட்டமின் சியில ஜம்முன்னு இருக்கிறதாப் போற எடமெல்லாம் சொல்லுவாரு. ரிஸ்வி அதுல விழுந்துட்டான். இன்னைக்கு ராவுல இருந்து குளிசை இல்லையாம். போன்ல இருந்த அலாரத்தைக் கூட அழிச்சிட்டான்.

அந்த அலாரம் ஒரு கூத்து. சாதாரண மணிச் சத்தம்னா அசட்டையா விட்டுருவாங்கன்னு, கிளினிக் நர்ஸ் மிஸ் எல்லா நோயாளியோட போனையும் வாங்கி சேவல் கூவுற சத்தத்தை வெச்சு விட்டிருந்தாங்க. பஸ்ஸோ கல்யாண வீடோ, எட்டு மணியானா ரிஸ்வி பாக்கெட்ல கொக்கரக்கோதான். கூட்டாளிங்க அவனுக்குக் கோழிக்கடைன்னே பேரு வெச்சுட்டாங்க.

நானா விளக்க ஆரம்பிச்சாரு. உடம்புல சண்டைக்காரச் செல்லுங்க இருக்காம், அதுகளை அடக்கி வெக்கிற செல்லுங்களும் இருக்காம். விட்டமின் சி போனா அந்த அடக்குற செல்லுங்க உறுதியா நிக்குமாம், வெளிய இருந்து வந்த கிட்னியோட சண்டையே வராதாம். ஆராய்ச்சியிலயே இருக்காம்.

"இருக்கு நானா, நானும் டொக்டர்கிட்ட கேட்டேன். எலிக்குக் குடுத்துப் பார்த்திருக்காங்க. மனுஷனுக்குக் குளிசையை நிப்பாட்டச் சொல்லி எவனும் சொல்லலை."

"நான் என்ன எலியா தங்கச்சி? கண்ணு முன்னாடி கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேனே."

பக்கத்துல இருந்த ரிஸ்விக்குக் கோவம் வந்துருச்சு. "என் உடம்பு. நான் பாத்துக்குறேன், நீ பேசாம இரு."

"உடம்பு உங்களோடதுதான். உள்ள இருக்கிற கிட்னி என்னோடது. குடுத்தவ நான். அதைச் சாகவிட மாட்டேன்."

நானா வழக்கம் போல அவசரமா எழும்பினாரு. எப்ப வந்தாலும் இப்படித்தான், எட்டு மணிக்குள்ள கிளம்பிருவாரு. நிஷ்மியா விடலை. வாய் நனைக்காம போனா வீட்டுக்கே மரியாதை இல்லைன்னுட்டு டீ போடக் குசினிக்குப் போயிட்டா.

போனவ வரவே இல்லை. இஞ்சி தட்டுற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் சீனி டின்னைத் தேடுற சத்தம். ஒரு பிளேன்டீக்கு இவ்வளவு நேரமான்னு ரிஸ்வி கத்தினான். நானா கதிரை நுனியில உட்கார்ந்து வாசலையே பார்த்துட்டிருந்தாரு.

ஒருவழியா ட்ரேயோட வந்தா. ஒரு பிளேன்டீ, பக்கத்துல ஒரு கிளாஸ் தண்ணி.

"ரெண்டு கையாலயும் பிடிங்க நானா, நல்ல சூடு."

அவரு பிடிச்சாரு. அவ சுவர் மணிக்கூட்டைப் பார்த்தா. சரியா எட்டு.

கொக்கரக்கோ.

ரிஸ்வி பதறிப்போய் தன் போனை எடுத்தான். அது சும்மா கிடந்துச்சு. சேவல் மறுபடி கூவிச்சு, ஸஹாப்தீன் நானாவோட சட்டைப் பாக்கெட்ல இருந்து.

நிஷ்மியா தண்ணிக் கிளாஸை அவருகிட்ட நீட்டினா.

"குளிசையைப் போடுங்க நானா. நேரம் தப்பக்கூடாது."