பெட்டிக்குள் விசில்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கம்ப்யூட்டர் விசிலடித்துக்கொண்டிருந்தது.

கையில் வயரோடு அவள் அப்படியே நின்றாள்.

காற்றாடியாக இருக்கும், தூசி தட்டினால் சரியாகிவிடும் என்று போனில் சொல்லியிருந்தார் மெக்கானிக். கரண்டே இல்லாத காற்றாடி எப்படி விசிலடிக்கும்?

மெல்லிய சத்தம்தான். காதருகே கொசு வந்து போவதுபோல. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கமாட்டார்கள். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் குறிப்புகளை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. வாய்க்குள் மென்று விழுங்கிய அரைச் சொல்லையும் விடாமல் பிடித்துப் பழகிய காது.

கணவனிடம் நேற்றே சொன்னாள். அவன் பெட்டிமேல் ஒரு நொடி காதை வைத்தான். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று நகர்ந்துவிட்டான்.

நகர்ந்த வேகம்தான் அவளுக்கு இடித்தது.

அதோடு விட்டதா என்றால் இல்லை. இன்று காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது, ஷூ லேஸைக் கட்டியபடி, குனிந்த தலை நிமிராமல் கேட்டான்.

"பேசாம நாம தனியா ஒரு வீடு பாத்துக்கலாமா? உனக்கு இங்க மூச்சு முட்டுதில்ல?"

மூச்சு முட்டுது. அது அவளுடைய வார்த்தை. இதே நாற்காலியில் உட்கார்ந்து, போனில் தங்கையிடம் மட்டும் சொல்லி அழுத வார்த்தை. அப்போது அவன் வீட்டிலேயே இல்லை.

அவன் தெருமுனை தாண்டியதும் தங்கையைக் கூப்பிட்டுக் குடைந்தாள். தான் வாயே திறக்கவில்லை என்று தங்கை தலையிலடித்துச் சத்தியம் செய்தாள்.

பிறகு யார் காதில் விழுந்திருக்கும்? பகலில் வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும்தான். அவருக்குக் கூடத்தில், கம்ப்யூட்டர் மேசையை ஒட்டிய கட்டில்தான் உலகம். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கழிவறை வரை போய்வரவே ஆள் வேண்டும். மதியம் அவர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கும் நேரம் பார்த்துத்தான் தங்கையிடம் பேசுவாள். எழுப்ப வேண்டுமென்றால் தோளைத் தட்ட வேண்டும், அந்த அளவுக்குக் காது மந்தம்.

அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. பொத்தான் அளவில் மைக் விற்கிறார்களாம், எங்கே வைத்தாலும் தெரியாதாம் என்று கணவன் ஒருநாள் செல்போனில் காட்டிச் சிரித்திருந்தான்.



சமையலறை இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தாள். அந்த மைக்கைக் கண்டெடுத்து மேசை நடுவில் வைக்க வேண்டும். சாயங்காலம் அவன் வந்து நிற்கும்போது ஒரு வார்த்தை பேசக்கூடாது. துணிமணியை அதற்கு முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும். தங்கை வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது.

மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

பக்கத் தகடு கழன்று வந்தது. உள்ளே தூசியும் வயர்களும். கையை விட்டாள். விசில் ஏறியது. கையை எடுத்தாள். இறங்கியது. மறுபடி விட்டாள். உள்ளே இருந்தது எதுவோ, அவள் கை வருவதை அறிந்து கத்தியது.

அடித்தட்டின் மூலையில், வயர் கற்றைக்குக் கீழே, விரலில் தட்டுப்பட்டது.

வெளியே எடுத்தாள். தோல் நிறம். அவரைக் கொட்டை அளவு. ஒரு முனையில் கண்ணாடிபோல் தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாமனாரின் காதுக் கருவி.

சில நாட்களுக்கு முன் காணாமல்போனது. தலையணை உறையைக்கூட உதறிப் பார்த்தார்கள், குப்பைக்கூடையைக் கவிழ்த்தார்கள். கணவன் அப்பாவைக் குழந்தையை அதட்டுவதுபோல் அதட்டினான். பெட்டியின் பின்பக்கம் ஒரு தகடு கழன்று விரல் நுழையும் சந்து இருக்கிறது. கட்டிலில் இருந்தபடியே கை எட்டும். தவறி விழுந்திருக்கிறது, பாவம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவனை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம். தோளைத் தட்டிச் சொல்லலாம் என்று திரும்பினாள்.

மாமனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்தது கிடைத்த மலர்ச்சி அந்த முகத்தில் இல்லை.

"அங்கயே போட்டுடும்மா" என்றார், காது கேளாதவர்களின் உரத்த குரலில். "அவன் பாத்தா மறுபடி மாட்டி விட்டுருவான்."

அவள் கருவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நீ தங்கச்சிகிட்ட பேசுறதெல்லாம் காதுல விழுந்துச்சு. எந்திரிச்சு வெளிய போகக் காலு வரல. அதான் கழட்டிப் போட்டேன். தனி வீடு பாருடான்னு அவன்கிட்ட சொன்னதும் நான்தான்."

உள்ளங்கையில் அது கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை நாளும் அவருக்கு அது கேட்டிருக்க வழியில்லை.

பதில் சொல்வதென்றால் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும்.

கருவியைத் துணியில் துடைத்தாள். கட்டிலருகே போய்க் குனிந்தாள். அவர் தலையை ஒருமுறை விலக்கிக்கொண்டார். அவள் காத்திருந்தாள். பிறகு அவரே காதைக் காட்டினார்.

பொருத்தியதும் விசில் நின்றது.

"மாமா" என்றாள், தங்கையிடம் பேசும் அதே தணிந்த குரலில்.

அவர் தலையசைத்தார்.

நாற்காலியைக் கட்டில் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.