புரியலையாம்

“உங்க கிளாஸ்ல தாள் திருத்துறது நீங்களா, புள்ளைங்களா டீச்சர்?”

மனோகரன் உட்காரும் முன்பே கேட்டுவிட்டார். கூலிம் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடிந்து, கம்பெனிச் சட்டையோடு நேராக மகள் படிக்கும் பெண்கள் இடைநிலைப்பள்ளிக்கு மோட்டார் சைக்கிளை விட்டிருந்தார்.

படிவம் ஒன்று வகுப்புக்குக் கணிதம் எடுக்கும் பிரேமாவதி டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்கண்ணே. ரூபினி விஷயமா?”

“வேற என்ன. தமிழ்ப்பள்ளியில ஆறு வருசமும் கணக்குல முதல் ஆளு. இங்க வந்து ஆறு நிலையில மூணுன்னு போட்டிருக்கீங்க.”

கையில் சுருட்டி வைத்திருந்த தாள்களை மேசையில் விரித்தார். ஐந்து தாள்கள். ஐந்திலும் ரூபினியின் கையெழுத்து. ஐந்தின் அடியிலும் வேறொரு கையெழுத்தில், பென்சிலில், மலாய் மொழியில் ஒரே வரி. ‘தாக் பாஹாம்.’

“புரியலையாம். அஞ்சு தடவையும் புரியலையாம். விடை தப்பா டீச்சர்?”

“விடை சரிதான். இந்த வருசம் பரிட்சை வச்சு மட்டும் நிலை போடுறதில்லண்ணே. மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துடுறாங்க. அதனால, எப்படிப் போட்டோம்னு விளக்கி எழுதணும். பக்கத்துல உக்கார்ற புள்ளைங்க படிச்சுப் பாப்பாங்க. புரிஞ்சா நிலை ஏறும். புரியலைன்னா திரும்ப எழுதணும்.”

“பக்கத்துல உள்ளது யாரு?”

“சுலைஹா. பஷீர் பாய் கடை இருக்கே, அவர் மக. பாலிங்ல இருந்து ஏப்ரல்லதான் இங்க மாறி வந்தா.”

“வந்ததும் என் புள்ள மேல பொறாமை.”

“அப்படிச் சொல்லாதீங்கண்ணே.”

“பின்ன? ரூபினி லீவு நாள்லகூட இதையே எழுதிக்கிட்டு உக்காந்திருக்கா. அவ அம்மா கோயிலுக்குக் கூப்பிட்டும் போகல. அந்தப் புள்ளய வரச் சொல்லுங்க. என்ன புரியலைன்னு நானே கேக்குறேன்.”

டீச்சர் தாள்களைப் புரட்டினார். முதல் தாளில் வெறும் கணக்கு. இரண்டாவதில் எண்கோடு. மூன்றாவதில் எண்கோட்டோடு அம்புக்குறிகள். ஐந்தாவது தாளில் ரூபினி ஒரு லிஃப்ட் வரைந்திருந்தாள். தரைத்தளம் பூஜ்யம். கார் நிறுத்தும் இடம் பூமிக்குக் கீழே, மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. ‘மைனஸ் இரண்டில் நிற்கும் லிஃப்ட் ஐந்து மாடி ஏறினால் எங்கே நிற்கும்?’

“நான்கூட இவ்வளவு தெளிவாச் சொல்லிக் குடுத்ததில்ல” என்றார் டீச்சர் மெதுவாக. “இதுவும் புரியலைன்னு எப்படி எழுதினா? நான் கேட்டிருக்கணும். என் தப்புதான்.”

இரண்டு பேரையும் வரச் சொன்னார்.

ரூபினி முன்னால் வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மாறியது. அவளுக்குப் பின்னால், தலையை மூடிய தூடோங் துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, சின்ன உருவமாக சுலைஹா.

“இது நீ எழுதினதா சுலைஹா?”

“ஆமா டீச்சர்.”

“லிஃப்ட் படம்கூடப் புரியலையா?”

சுலைஹா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் கோத்தது.

“சொல்லும்மா, அங்கிள் ஏச மாட்டேன்” என்றார் மனோகரன். சொன்ன குரலிலேயே ஏச்சு இருந்தது.

“அப்பா, அவளக் கேக்காதீங்க” என்றாள் ரூபினி. “டீச்சர், அவ கிளாசுக்குப் போகட்டும். நான் சொல்றேன்.”

டீச்சர் தலையசைத்தார். சுலைஹா கதவைத் தாண்டி, நடைபாதையில் அவள் காலடிச் சத்தம் ஓயும்வரை ரூபினி காத்திருந்தாள்.

“நான்தான் அவள அப்படி எழுதச் சொன்னேன்.”

“நீயா? உன் தாள்லயா?” மனோகரனுக்குக் குரல் உயர்ந்தது. “நிலை குறையும்னு தெரியாதா உனக்கு?”

“தெரியும்ப்பா.”

“தெரிஞ்சுமா?”

ரூபினி மேசையில் கிடந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அவ இங்க சேர்றப்பவே மைனஸ் பாடம் முடிஞ்சிடுச்சுப்பா. ஒண்ணுமே தெரியாம உக்காந்திருந்தா. டீச்சர்கிட்டப் போய்க் கேளுன்னேன். மாட்டேன்னு அழுதா. எல்லாரும் மக்குன்னு நெனைப்பாங்களாம்.”

“அதுக்கு?”

“‘என் தாள்லயே புரியலைன்னு எழுது, புரியிற வரைக்கும் நான் திரும்பத் திரும்ப எழுதுறேன். அப்ப யாரும் உன்ன மக்குன்னு சொல்ல மாட்டாங்க, எனக்குத்தான் எழுதத் தெரியலைன்னு நெனைச்சுக்குவாங்க’ன்னு சொன்னேன்.”